சீருடை தந்தார், குடியுரிமை பறித்தார்!

1918-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள், 9-ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கோடியிலே உள்ள வாஷிங்டன் மாநிலத்தில், போர்வீரர் ஒருவருக்குக் குடியுரிமைப் பத்திரம் வழங்கப்படுகிறது. தலையிலே தலைப்பாகை, உடலிலே அமெரிக்கப் படையின் சீருடை. முதல் உலகப் போர் முடிந்து ஒரு திங்கள்கூட ஆகவில்லை. "இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்த முன்வந்தவர், இனி இவர் இந்நாட்டுக் குடிமகன்" என்று சட்டம் சொல்லிற்று.

நான்கே நாட்கள்! கொடுத்த கையே பறித்துக் கொண்டது.

ஏன்? களவு செய்தாரா? காட்டிக் கொடுத்தாரா? களத்தைக் கண்டு கலங்கி ஓடினாரா? இல்லை. அவர் வெள்ளையர் அல்லர். அதுதான் குற்றம்; அது ஒன்றுதான் குற்றம்!

அவர் பெயர் பகத் சிங் திந்த். லாகூர்ச் சிறையிலே தூக்குக் கயிற்றை முத்தமிட்ட பகத்சிங் வேறு, இவர் வேறு. பஞ்சாபிலே 1892-இல் பிறந்து, 1913-இல் அமெரிக்கக் கரையேறி, ஆரிகன் மாநிலத்து மர அறுப்பு ஆலையிலே கூலி வேலை செய்து, 1918 ஜூலையில் அந்நாட்டுப் படையிலே சேர்ந்தவர். சீக்கிய நெறிப்படி தலைப்பாகையோடு அமெரிக்கப் படையிலே பணிபுரிந்த முதல் வீரர் இவரே என்பர். நற்சான்றோடு படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். அவருக்குச் சீருடை தந்தபோது எவரும் அவர் தோலின் நிறத்தை உற்று நோக்கவில்லை. உரிமை கேட்டபோதுதான் நோக்கினார்கள்.

நாட்டுப்பற்று என்றால் என்ன? அதை எந்தக் கோலால் அளப்பது? ஒரு நாட்டின் குடிமகன் யார் என்று முடிவு கட்டுவது எது? பிறப்பா, குருதியா, நிறமா, உழைப்பா, உள்ளமா? இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. ஒரு பெரிய நாடு, பல இனத்தார் வந்து கூடிய நாடு, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விகளோடு மல்லுக்கட்டிய வரலாற்றைத்தான் இங்கே நாம் காணப் போகிறோம்.

ஏட்டிலே சமத்துவம், சட்டத்திலே நிறம்

1776-இல் அமெரிக்க நாடு பிறந்தபோது, மாந்தர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று உலகறிய முழங்கிற்று. மன்னர்களின் மகுடங்கள் ஆட்டங்கண்ட முழக்கம் அது. ஆனால், பதினான்கே ஆண்டுகளுக்குப் பிறகு, 1790-இல், வெளியிலிருந்து வருவோர் குடியுரிமை பெறுவதற்கான முதல் சட்டத்தை அதே நாடு எழுதியது. யாருக்குக் குடியுரிமை? இரண்டாண்டு வாழ்ந்த, நன்னடத்தையுள்ள, அடிமையல்லாத "வெள்ளை" ஆளுக்கு! சமத்துவத்தை எழுதிய மை உலர்வதற்குள், நிறத்தை எழுதிற்று அந்தப் பேனா.

உள்நாட்டுப் போர் மூண்டது. குருதி ஆறாய் ஓடிற்று. அடிமைத் தளை அறுந்தது. 1868-இல் அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் வந்தது. அமெரிக்க மண்ணிலே பிறந்து, அதன் ஆட்சிக்கு உட்பட்ட எவரும் அதன் குடிமக்களே என்று அது அறிவித்தது. 1870-இல் குடியுரிமைச் சட்டமும் சற்றே அகன்றது. வெள்ளையரோடு ஆப்பிரிக்க வழியினரும் சேர்க்கப்பட்டனர். ஆசியாக்காரனுக்கு? கதவு மூடியே கிடந்தது.

அந்த ஆசியாக்காரன் யார்? கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப் பாதையை 1869-இல் முடித்துக் காட்டியவன் அவன். சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்தவர்கள், பனியிலே புதைந்து மாண்டவர்கள், பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்தது, அவர்கள் பயனும் முடிந்தது! 1882-இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழையத் தடைச் சட்டம் பிறந்தது. நான்காண்டு கழித்து, 1886-இல், நியூயார்க் துறைமுகத்திலே சுதந்திர தேவியின் சிலை எழுந்தது. அவள் கையிலே விளக்கு கிழக்குக் கடலுக்கு ஒளி காட்டிற்று. மேற்குக் கடற்கரையிலோ, 1910 முதல், ஏஞ்சல் தீவிலே ஆசியர்களை அடைத்து வைத்துக் குடைந்து குடைந்து கேட்கும் கூடம் நடந்தது. ஒரே நாட்டுக்கு இரண்டு வாசல்கள், இரண்டு முகங்கள்!

சமையற்காரர் ஒருவர் வென்ற வழக்கு

இந்த இருளிலே ஒரு கீற்று ஒளி. சான்பிரான்சிஸ்கோவிலே சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் வாங் கிம் ஆர்க். தொழில் சமையல். சீனா சென்று 1895-இல் திரும்பியவரை, "நீ இந்நாட்டான் அல்லன்" என்று கரையிறங்க விடாமல் தடுத்தனர் சுங்க அதிகாரிகள். பிறந்த ஊர் கண்ணெதிரே தெரிகிறது. கால் வைக்க முடியவில்லை. கப்பலிலேயே மாதக்கணக்கில் காவல்!

அவர் அஞ்சவில்லை, வழக்காடினார். 1898 மார்ச்சு 28-இல் உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, தீர்ப்பளித்தது. பெற்றோர் குடியுரிமை பெற முடியாதவர்களாயினும், இம்மண்ணிலே பிறந்த பிள்ளை இந்நாட்டுக் குடிமகனே என்றது. அரசர் குலத்தவர் அல்லர். அறிஞர் அவையினர் அல்லர். அடுப்படியிலே நின்ற உழைப்பாளி ஒருவர் வென்ற வழக்கு, பின்னர் பிறந்த கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கேடயமாயிற்று.

ஆனால், பிறந்தவருக்குத்தான் அந்தக் கேடயம். புகுந்தவருக்கு?

உள்ளம் அமெரிக்கம், ஆனாலும் ஒப்பவில்லை

தகாவோ ஓசாவா ஜப்பானிலே பிறந்தவர். இளமையிலேயே அமெரிக்கா வந்தவர். கலிபோர்னியாவிலே பள்ளிப் படிப்பு, பல்கலைக்கழகப் படிப்பு. பின்னர் ஹவாயிலே வாழ்க்கை. இல்லத்திலே ஆங்கிலமே பேசினார். பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கே அனுப்பினார். தம் குடும்பத்தாரின் பெயரை ஜப்பானியத் தூதரகத்திலே பதியவும் இல்லை. பெயரளவில் அமெரிக்கராக இருந்து நாட்டைக் காட்டிக் கொடுத்தவரும் உண்டு. பெயரளவில் அமெரிக்கன் அல்லாத நானோ உள்ளத்தால் உண்மை அமெரிக்கன் என்று எழுதினார் அவர்.

நாட்டுப்பற்றை அளக்க இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1922 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. குணத்திலும் கல்வியிலும் அவர் தகுதி உடையவரே என்று ஒப்புக் கொண்டது. ஆனால், வெள்ளையர் என்றால் "காகேசிய" இனத்தார் என்று பொருள். ஜப்பானியர் அந்த இனத்தார் அல்லர். ஆகவே குடியுரிமை இல்லை! தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லண்டு. இங்கிலாந்திலே பிறந்து, குழந்தையாகக் கப்பலேறி வந்தவர்! வந்தேறி ஒருவர்தான் இன்னொருவரைப் பார்த்து, "வாசல் உனக்கு இல்லை" என்றார்.

திந்தின் வழக்கு

வெள்ளையர் என்றால் காகேசியர் என்று சட்டம் ஓர் அளவுகோலை நட்டுவிட்டது. அந்த அளவுகோலைப் பற்றிக்கொண்டு, மூன்றே மாதத்தில் அதே மன்றத்தின் முன் நின்றது பகத் சிங் திந்தின் வழக்கு.

முதன்முறை பறிக்கப்பட்ட குடியுரிமையை ஆரிகன் மாநிலத்திலே மீண்டும் கேட்டுப் பெற்றிருந்தார் அவர். அப்போது, அவர் இந்திய விடுதலைக்கு ஆதரவானவர் என்பதையே குறையாக எடுத்துக் காட்டினர் எதிர்த்தரப்பினர். இங்கிலாந்தை எதிர்த்துக் கிளர்ந்து விடுதலை பெற்ற நாடு, இங்கிலாந்தை எதிர்ப்பது குற்றம் என்று கருதிய விந்தையை என்னென்பது! 1920-இல் ஆரிகன் நீதிபதி அதை ஏற்கவில்லை, குடியுரிமை தந்தார். அரசு விடவில்லை, மேல்முறையீடு செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் திந்தின் தரப்பு எடுத்துவைத்த வாதத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மனிதனை நிறத்தால் பிரிக்காதே என்று அவர்கள் கேட்கவில்லை. "இன நூலார் வகுத்தபடி வடஇந்தியர் காகேசியர், திந்த் ஆரியக் குருதி உடையவர், உயர் சாதியினர், சாதிக் கட்டுப்பாடு அந்தக் குருதியைத் தூய்மையாகக் காத்து வந்துள்ளது" என்று வாதிட்டனர். அதுமட்டுமா? உயர் சாதி இந்தியர் அந்நாட்டுப் பழங்குடியினரை நோக்கும் பார்வை, அமெரிக்க வெள்ளையர் கறுப்பின மக்களை நோக்கும் பார்வையைப் போன்றதே என்றும் சான்று காட்டினர்!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். ஆலையிலே கூலியாய் உழைத்தவர். படையிலே சேவகம் செய்தவர். நிறவெறியால் நீதி இழந்தவர். அவருக்காக ஏந்தப்பட்ட கருவியோ, இன்னொரு வெறியின் கருவி! தன்னை மிதிக்கும் காலை அகற்று என்று கேட்க வேண்டிய இடத்தில், "நானும் மிதிக்கும் குலத்தவனே, என்னையும் மேலே சேர்த்துக்கொள்" என்று கேட்கச் செய்தது அந்த வாதம். ஏணியை முறிக்கும் துணிவு இல்லை. ஏணியிலே ஒரு படி மேலே இடம் கேட்டது.

அந்த இடமாவது கிடைத்ததா? 1923 பிப்ரவரி 19-இல் தீர்ப்பு. எழுதியவர் அதே சதர்லண்டு. நீதிபதிகள் எவரும் மாறுபடவில்லை. இன நூல் என்ன சொன்னாலும் சரி, "வெள்ளையர்" என்னும் சொல்லுக்குப் பொது மனிதன் கொள்ளும் பொருளே பொருள் என்றது தீர்ப்பு. சாதிக் கட்டுப்பாடு கலப்பைத் தடுக்க முயன்றும் முழுதும் வெல்லவில்லை என்று சேர்த்துச் சொன்னது. நவம்பரிலே ஓசாவாவைத் தள்ள இனநூல் தேவைப்பட்டது. பிப்ரவரியிலே திந்தைத் தள்ள இனநூல் தேவையற்றதாயிற்று! அளவுகோலை வைத்து முடிவு காணவில்லை. முடிவை வைத்துக்கொண்டு அளவுகோலைத் தேடினர். பகுத்தறிவுக்குப் புறம்பான கொள்கை எதுவும் நீதிமன்றத்தின் மேடையேறினாலும் இப்படித்தான் தடுமாறும்.

"பொது மனிதன்" கருத்து என்றார்களே, அந்தக் கருத்து எங்கிருந்து முளைத்தது? 1907 செப்டம்பரிலே, வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்காம் ஊரில், மர ஆலைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரை வெள்ளைக் கும்பலொன்று அடித்துத் துரத்திற்று. குறைந்த கூலிக்கு இவர்கள் உழைப்பதால் தங்கள் பிழைப்புப் போகிறது என்பது அவர்தம் ஆத்திரம். குறைந்த கூலி கொடுத்தது யார்? ஆலை முதலாளி. அவர் வீட்டு வாசலுக்குக் கும்பல் போகவில்லை! கூலியைக் குறைத்த கையை விட்டு, குறைந்த கூலியைப் பெற்ற கையை ஒடிக்கப் புறப்பட்டது. பசித்தவனைப் பசித்தவனோடு மோதவிட்டால் பந்தியிலே இருப்பவனுக்கு அச்சமில்லை. குடியேறியவர் மீது வளர்க்கப்படும் வெறுப்பின் ஆணிவேர்களுள் இது ஒன்று.

மண் இழந்தவர், மனம் ஒடிந்தவர்

தீர்ப்பு ஏட்டோடு நிற்கவில்லை, வீடுகளுக்குள் புகுந்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினர். கலிபோர்னியாவிலே 1913-இல் இயற்றிய சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்க முடியாது. இனி இந்தியருக்கும் மண் இல்லை.

பெஷாவரிலிருந்து 1915-இல் மனைவி கலா பகாயோடும் மூன்று ஆண் பிள்ளைகளோடும் சான்பிரான்சிஸ்கோவில் வந்திறங்கியவர் வைஷ்ணோ தாஸ் பகாய். ஆங்கில ஆட்சியின்கீழ் அடிமையாய் வாழ மனமின்றி, சுதந்திர நாடென்று நம்பி வந்தவர். பெர்க்லி நகரிலே ஒரு வீடு வாங்கிக் குடிபுகப் போனபோது, அண்டை வீட்டார் கதவைப் பூட்டி உள்ளே விட மறுத்தனர். அதையும் பொறுத்தார், கடை வைத்தார், குடியுரிமையும் பெற்றார். திந்த் தீர்ப்புக்குப் பின் அது பறிபோயிற்று. உடைமையை விற்க நேர்ந்தது. இந்தியாவிலுள்ள சுற்றத்தாரைக் காணப் புறப்பட்டால், அமெரிக்கக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. வெறுத்து விட்டுவந்த ஆங்கிலேயரின் குடியாகத்தான் இனிப் போக முடியும்!

1928-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். இப்பக்கம் போனால் தடை, அப்பக்கம் போனால் தடை, திரும்பிப் போகவும் பாலம் இல்லை என்ற பொருள்பட அவர் விட்டுச் சென்ற மடல் நாளேட்டிலே வெளியாயிற்று. ஒரு நாட்டை விரும்பி வந்தவரை அந்த நாடு கொன்ற முறை இது. கத்தி இல்லை, குருதி இல்லை. காகிதம் ஒன்றே போதுமாக இருந்தது.

திந்துக்காக வாதாடிய வழக்குரைஞர் சக்காராம் கணேஷ் பண்டிட்டின் குடியுரிமையையும் பறிக்கப் பார்த்தனர். அவர் போராடித் தம் உரிமையைக் காத்துக் கொண்டார். எல்லாரும் வழக்குரைஞராக முடியுமா? 1924-இல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியருக்கான வாசலை அநேகமாக முற்றும் அடைத்தது. ஐரோப்பியரிலும் நாடுவாரியாக அளவு வைத்தது. அந்த அளவுக்கு 1890-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக் கொண்டார்கள். ஏன் அந்தப் பழைய கணக்கு? இத்தாலியரும் யூதரும் போலந்துக்காரரும் பெருந்தொகையாய் வருமுன் எடுத்த கணக்கு அது! வெள்ளையருக்குள்ளும் மேல் வெள்ளை, கீழ் வெள்ளை. பிரிவினைக் கத்திக்கு ஒரு வெட்டோடு பசி அடங்குவதில்லை.

இந்தத் தீர்ப்புகளின் நச்சுக் கனி 1942-இலும் பழுத்தது. ஜப்பானோடு போர் மூண்டதும், மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களிலே அடைக்கப்பட்டனர். மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். முதியவர்கள் எதிரி நாட்டார் என்று கருதப்பட்டனர். அவர்கள் ஏன் குடியுரிமை பெறவில்லை? ஓசாவா தீர்ப்பு பெற விடவில்லை! முதலில் கதவை அடைப்பது, பிறகு, "நீ ஏன் உள்ளே வரவில்லை? உன்மேல் ஐயம்" என்பது. முகாமிலே பெற்றோர் அடைபட்டுக் கிடக்க, ஜப்பானிய வழி இளைஞர்கள் நிறைந்த 442-ஆவது படைப்பிரிவு ஐரோப்பாவிலே அமெரிக்கக் கொடிக்காகக் குருதி சிந்திற்று. அளவுக்கு மீறிய விருதுகளைக் குவித்தது. 1988-இல்தான் அந்நாடு தவறை ஒப்புக் கொண்டு மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க வகை செய்தது.

கதவு திறந்த கதை

எந்தக் கதவும் தானாகத் திறப்பதில்லை. 1935-இல், முதல் உலகப் போரில் பணிபுரிந்த ஆசிய வீரர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. 1936-இல், மூன்றாம் முறையாக, நியூயார்க்கிலே குடியுரிமை பெற்றார் திந்த். சீருடை அணிந்த நாளிலிருந்து பதினெட்டு ஆண்டுகள்!

1943-இல் சீனர் மீதிருந்த தடை நீங்கியது. அறம் பிறந்ததாலா? போரிலே சீனாவின் துணை தேவைப்பட்டதும் காரணம். 1946-இல் இந்தியருக்கும் பிலிப்பைன் நாட்டவருக்கும் குடியுரிமை வழி திறந்தது. இந்தியரில் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றனர். அச்சட்டத்திற்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவர் தலீப் சிங் சௌந்த். கணிதத்திலே டாக்டர் பட்டம் பெற்றும், உழவராய் உழைத்தவர். 1949-இல் குடியுரிமை பெற்ற அவர், 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு நுழைந்த முதல் ஆசிய வழியினர் ஆனார். எந்தப் "பொது மனிதன்" இந்தியரை ஏற்கமாட்டான் என்று நீதிபதி எழுதினாரோ, அந்தப் பொது மனிதனே வாக்களித்து அனுப்பி வைத்தான். பொது மனிதனின் கருத்து கல்வெட்டு அன்று, கற்பித்தால் மாறும்.

1952-இல் குடியுரிமைக்கு நிறத்தடை ஒழிந்தது. கறுப்பின மக்களின் உரிமைக் கிளர்ச்சி நாட்டையே உலுக்கிய காலத்தில், 1965 அக்டோபர் 3-இல், சுதந்திர தேவி சிலையின் அடியிலே அமர்ந்து அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்திலே கையெழுத்திட்டார்; நாட்டினம் பார்த்து அளந்த பழைய முறை வீழ்ந்தது. இன்று அமெரிக்காவிலே மருத்துவராய், பொறியாளராய் வாழும் தமிழர் பலருக்கும் வழிவிட்டது அச்சட்டமே. அந்தக் கதவைத் தள்ளித் திறந்த கைகளிலே கறுப்பு உழைப்பாளியின் கையும் உண்டு என்பதை அவர்கள் மறத்தல் ஆகாது.

முடிந்துவிட்டதா கதை? இல்லை. 2025 ஜனவரியில், முறையான அனுமதியின்றியோ தற்காலிக அனுமதியோடோ வாழும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளின் பிறப்புரிமையைக் குறுக்க அதிபரின் ஆணை ஒன்று புறப்பட்டது. உடனே வழக்குகள் எழுந்தன. மன்றங்களிலே மீண்டும் ஒலித்தது அந்தப் பழைய பெயர்: வாங் கிம் ஆர்க்!

நாம் பெறும் பாடம்

ஒரு நாடு தன் எல்லையைக் காப்பதும், வருவோருக்கு விதி வகுப்பதும் தவறல்ல, தேவையுமாகும். எத்தனை பேர், எந்த முறையில் என்று பேசலாம், வாதிடலாம். ஆனால், உழைப்பையும் ஒழுக்கத்தையும் கேட்க வேண்டிய இடத்தில் நிறத்தையும் குலத்தையும் கேட்டால், அது காவல் அன்று, வெறி. நாட்டுப்பற்று என்பது, "என்னைத் தவிர எவரும் இங்கே வேண்டாம்" என்று வாசலிலே நின்று கூச்சலிடுவதன்று. வீட்டுக்குள் இருக்கும் அனைவரும் நிமிர்ந்து வாழ வகை செய்வதே நாட்டுப்பற்று.

இன்னொரு பாடமும் உண்டு. அது ஒடுக்கப்பட்டோருக்கு உரியது. "நானும் உயர்ந்தவனே" என்று மன்றாடி விடுதலை பெற்றவர் இல்லை. ஆரியக் குருதி என்ற வாதம் திந்துக்கு உரிமை வாங்கித் தரவில்லை. கூலி உழைப்பாளிகளும், கறுப்பின மக்களும், குடிபெயர்ந்தோரும் தொடுத்த போராட்டங்களே பின்னர் அதை வாங்கித் தந்தன. உயர்வு தாழ்வு என்னும் ஏணியிலே படி தேடாதீர், ஏணியையே எடுத்தெறியுங்கள்.

வேலை தேடி அயல் மாநிலத்திலிருந்து நம் ஊருக்கு வரும் தொழிலாளியைக் காணும்போதும், அயல்நாட்டிலே பிழைக்கப் போன நம்மவரை எண்ணும்போதும், ஒரே கோலால் அளக்கும் நேர்மை நமக்கு இருக்கிறதா? இக்கேள்வியை ஒவ்வோர் இளைஞரும் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ளட்டும். மாற்றார் செய்த கொடுமையைக் கண்டு சினப்பது எளிது. அதே கொடுமை நம் கையால் நிகழாமல் காப்பதே பகுத்தறிவுக்கு அழகு.